கோர்ட்டு கலையும் வரை

காலை ஆறரை மணிக்கு ஒருவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "சார், உங்க ரோசாச் செடியெல்லாம் எங்கூட்டு ஆடு தின்னுபோட்டுதுங்க" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? நான் கத்தினேன். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மாரமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்து அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது. குளிரில் தூக்கம் கிடையாது. சேலத்திலிருந்து மடியில் வைத்துப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த ஆறு தொட்டிகள் அவை. கொல்லைப்புறம் போய்ப் பார்க்காமலேயே ஆரம்பித்து, அந்த ஆட்டின் பரம்பரை வரைக்கும் இழுத்துத் திட்டினேன். அந்த அம்மா நான் மூச்சு வாங்கும்வரை நின்று கேட்டார். பிறகு கூடையிலிருந்து ஆறு குச்சிகளை எடுத்தார். "எங்கூட்டு ரோசாங்க. சின்னப் பூவுதான், ஆனா நெறையப் பூக்கும். நட்டுட்டுப் போயர்றேனுங்க."

ஒன்பதரைக்குப் பள்ளிக்குப் போனால் அடுப்படியில் அதே அம்மா. எங்கள் பள்ளியின் சத்துணவுச் சமையலர் அவர்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வருகைப் பதிவேட்டைப் பிரித்துக்கொண்டேன். அவர் சுக்குக் காப்பி கொண்டுவந்து மேசையில் வைத்து, "குளுரு ஒத்துக்காதுங்க சார், சூடா குடிங்க" என்றார். காலையில் ஒருவன் வாய்க்கு வந்ததைப் பேசினான் என்பதே அவர் நினைவில் இல்லை போல. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவராக வந்து சொல்லியிருக்காவிட்டால் அது யார் வீட்டு ஆடு என்று எனக்கு எப்படித் தெரியும்? காட்டுமாடு மேய்ந்துவிட்டது என்றுதானே நினைத்திருப்பேன்!

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். ஒல்லி. பிள்ளைகளை ஒருவர் விடாமல் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்; ஐந்து வயது வாண்டாக இருந்தாலும் "இன்னொரு கரண்டி வெக்கட்டுமா சாமி?" பேச்சு குறைவு. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். "நாந்தானுங்க."

மழையில் வழுக்கிவிழுந்து பதினோரு முட்டை உடைந்துபோன நாளில், நான் கேட்பதற்கு முன்பே கூடையை என் முன்னால் வைத்தார். "நாந்தானுங்க ஒடச்சுபோட்டேன். ஓடெல்லாம் இதுல இருக்குது, எண்ணிக்குங்க. எங்கூட்டுல நாட்டுக்கோழி முட்டை ஒம்பது இருந்துது. மீதி ரெண்டு பொழுதோட கொண்டாந்தர்றேன்." இன்னொரு நாள் ஒன்றிய அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து சாம்பாரை ருசி பார்க்கக் கரண்டியை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், வாயில்கூட வைக்கவில்லை. "உப்பு கொஞ்சம் சேத்தி உழுந்துபோச்சுங்க, நாந்தான்." அந்த மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் ஜீப் ஏறியதும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "உங்களை யாரும்மா கேட்டாங்க?"

"கேட்டதுக்கப்புறம் சொன்னா அது என்னங்க சார் சொல்றது?"

இப்படிப்பட்டவரிடம் எப்படிக் கோபப்படுவது? கோபத்துக்கு எதிராளி வேண்டாமா? எனக்கோ ஒரு நாளைக்கு நான்கு முறையாவது கோபப்பட்டால்தான் சோறு இறங்கும். அவரிடம் மட்டும் அது பலிக்கவே இல்லை.

இப்படித் தானாகவே ஒப்புக்கொள்வது அவருடைய குணம் மட்டும் இல்லை, அந்த ஊரின் பழக்கமும்தான் என்று எனக்குப் பிடிபட்டது மிளகுக்கொடி விவகாரத்தில். மலையில் சவுக்கு மரங்களில் மிளகை ஏற்றிவிடுவார்கள். அவர்கள் சவுக்கு என்பது சில்வர் ஓக் மரத்தை. பிடிக்காதவன் தோட்டத்தில் கொடியை அடியில் அறுத்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மேலே இலை பச்சையாகவே இருக்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் மொத்தமும் கருகித் தொங்கும். அதற்குள் அறுத்தவன் எங்கேயோ, அரிவாள் எங்கேயோ. அப்படி ஒரு விவசாயியின் பதினெட்டுக் கொடிகள் கருகிப்போயின. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். வேடிக்கை பார்க்கலாம் என்று நானும் போனேன்.

கோயிலுக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. ஊர்க்கவுண்டர் எழுந்து, "இன்னாரு தோட்டத்துல பதினெட்டுக் கொடி போயிருச்சு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள். சாமை விலையைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் பேச்சும் நின்றுபோய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணி பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. எனக்கு உட்காரும் இடத்தில் முள் முளைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த சமையலம்மாவிடம், "யாருக்கு முன்விரோதம்னு கேட்டா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடுமே? கேட்க வேண்டியதுதானே?" என்றேன்.

"அது போலீசு வேலைங்க சார். இங்க யாரும் யாரையும் கை காட்ட மாட்டோம். செஞ்சவுங்க எந்திரிப்பாங்க."

"எந்திரிக்கலைன்னா?"

"உக்காந்திருப்போமுங்க."

மூன்று மணி வாக்கில் பின்வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்தான். வாயைத் திறக்கவில்லை. எழுந்து நின்றான், அவ்வளவே. ஊர்க்கவுண்டர் தலையை ஆட்டினார். பதினெட்டு மரத்திலும் புதுக்கொடி நட்டு, ஆள் உயரம் ஏறும்வரை அவனே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தீர்ப்பு. பிறகு எல்லாரும் கை கழுவிவிட்டு ஒன்றாக உட்கார்ந்து களி சாப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறு அறுத்தவனும் இழந்தவனும் ஒரே பஸ்ஸில் ஏற்காட்டுச் சந்தைக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அட, இவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. எங்கள் ஊரில் என்றால் பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைந்திருப்பார்கள்.

இனி சொல்லப்போவதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு சுற்றினேன். சொல்லிவிடுகிறேன்.

தார்ச்சாலையிலிருந்து பள்ளிக்கு வரும் ஜீப் தடம் ஒரு பழைய காப்பி எஸ்டேட்டுக்குள் புகுந்து வரும். எஸ்டேட்காரர் இருந்தவரை யாரும் மறித்ததில்லை. எஸ்டேட்டைச் சமவெளியிலிருந்து வந்த ஒருவர் வாங்கி ரிசார்ட் கட்ட ஆரம்பித்தார். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த வாரம், தடத்துக்குக் குறுக்கே கேட் வந்தது. சங்கிலி, பூட்டு. பிள்ளைகள் வேலிச் சந்தில் நுழைந்து வந்துவிடுவார்கள். அரிசி மூட்டையும் சிலிண்டரும் எப்படி நுழையும்? சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர், ஒற்றையடிப் பாதை. நான் மேலிடத்துக்கு மூன்று மனு எழுதினேன். மனு போன வேகத்தில் பதில் வருமா?

ஒரு திங்கட்கிழமை காய்கறி ஜீப் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. காவலாளியைக் காணோம். சமையலம்மா ஒரு கல்லை எடுத்துப் பூட்டை இரண்டு தட்டு தட்டினார். திறந்துகொண்டது. மறுநாள் காலை நேராகக் காவலாளியிடம் போய், "நாந்தானுங்க ஒடச்சேன்" என்று சொல்லி, ஏற்காட்டுக் கடையில் வாங்கிய புதுப்பூட்டைக் கொடுத்தார். ஒரே ஒரு சாவியோடு. "இன்னொன்னு பள்ளிக்கோடத்துல இருக்கட்டுங்க. உங்களுக்கும் தெறந்துவுடற வேலை மிச்சம்." காவலாளி சிரித்துவிட்டார். அவருடைய முதலாளி சிரிக்கவில்லை. பத்தே நாளில் மோட்டார் வைத்த கேட் வந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் தானாக நகரும் இரும்புக் கேட்.

ஐப்பசி மாதம். விடாத மழை. மலையில் மழை பெய்தால் கரண்ட் இருக்காது. கரண்ட் இல்லாவிட்டால் அந்தக் கேட் நகராது. பள்ளியில் காஸ் தீர்ந்து, சிலிண்டரோடு ஜீப் வந்து நிற்கிறது. டிரைவர் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான். மணி பதினொன்றரை. இருபத்தாறு பிள்ளைகள் வெறும் வயிற்றோடு இருக்கின்றன. நானும் சமையலம்மாவும் கேட்டுக்கு முன்னால் நனைந்துகொண்டு நிற்கிறோம். கூப்பிட்டுப் பார்த்தேன். காவலாளி சாப்பிடப் போயிருந்தார். பத்து நிமிஷம். கால் மணி நேரம். எனக்குள் என்னவோ அறுந்தது. ஓரத்தில் கிடந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கி மோட்டார் பெட்டியின் மேல் போட்டேன். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. மூடி சில்லுச் சில்லாகப் போனது. உள்ளே பல்சக்கரம் உடைந்து விழுந்தது. நாங்கள் இருவரும் கேட்டைக் கையால் தள்ளித் திறந்தோம்.

உண்மையைச் சொல்வதென்றால் அப்போது எனக்கு மகா சந்தோஷமாக இருந்தது. பிள்ளைகள் ஒன்றரை மணிக்குச் சுடச்சுடச் சாப்பிட்டன. நான் ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டவன் மாதிரி வராந்தாவில் நடந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "நாளைக்கு வெடியாலயே போயிச் சொல்லிருங்க சார். வெயிலேற வுடாதீங்க."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. இரவு முழுக்கத் திறந்த பெட்டிக்குள் மழைநீர் இறங்கியிருக்கிறது. விடியற்காலை கரண்ட் வந்ததும் உள்ளே இருந்த எல்லாம் எரிந்துபோய்விட்டது. மோட்டார், கன்ட்ரோல் போர்டு, வயரிங் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் என்று ரிசார்ட்காரர் புகார் கொடுத்தார். அந்தத் தொகையைக் கேட்டதும் என் வீரம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது. வழக்கு என்றால் சஸ்பெண்ட். தண்டனை என்றால் வேலை, ஓய்வூதியம் எல்லாம் போச்சு. வீட்டுக் கடன், மகள் கல்யாணம் என்று காரணங்களை அடுக்கலாம். இருந்தது ஒரே காரணம்தான், பயந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் எஸ்.ஐ. பள்ளிக்கே வந்தார். பூட்டை உடைத்தவர் யார் என்று காவலாளி ஏற்கெனவே சொல்லியிருந்ததால் நேராக அடுப்படிக்குப் போனார். நானும் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"பூட்டை உடைச்சது நீங்கதானாம்மா?"

"நாந்தானுங்க."

"மோட்டாரையும் உடைச்சீங்களா?"

அவர் சாம்பாரைக் கிண்டினார். என் பக்கம் திரும்பவும் இல்லை. சும்மா கிண்டிக்கொண்டே இருந்தார். ஒரு நிமிஷம் இருக்கும், எனக்கு அது ஒரு பீரியட் போல நீண்டது. நான் பதிவேட்டில் வராத பிள்ளைகளின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தேன். எஸ்.ஐ. அதையே ஒப்புதலாக எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவரை வரச்சொல்லி ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட்டார்கள். வழக்கு அவர் மேல் வந்தது.

சேலத்தில் என் பள்ளித் தோழன் ஒருவன் வக்கீல். அவனிடம் ஓடினேன். புதுச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னான்: "முந்நூத்தி இருபத்தி நாலுடா. வெறும் பூட்டுன்னா பெரிசா ஒண்ணுமில்லை, ஆறு மாசம் வரைக்கும்னு இருக்கு, ஃபைனோட போயிடும். ஆனா சேதம் லட்சத்தைத் தாண்டிப்போச்சே, அஞ்சு வருஷம் வரைக்கும் போடலாம். பார்த்த சாட்சி யாரும் இல்லை. அந்தம்மா 'இல்லை'ன்னு ஒரே வார்த்தை சொன்னாப் போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். "நிஜமாவே அவங்கதான் உடைச்சாங்களா?"

"எனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன். சே! எவ்வளவு சுலபமாக வந்தது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் அந்த அம்மாவுக்கு 'இல்லை' சொல்லப் பயிற்சி கொடுத்தேன். ஐந்தாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மாதிரி. அடுப்படியில் நின்று நானே நீதிபதியாகக் கேட்பேன், "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?"

"இல்லீங்க... பூட்டு நாந்தானுங்களே சார்?"

"பூட்டைப் பத்திப் பேசவே கூடாது! எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே 'இல்லை'."

"ஒடச்சதை எப்புடீங்க ஒடைக்கலீங்கறது?"

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். மோட்டாரைப் பற்றி அவர் ஒரு தடவைகூட என்னிடம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் கத்தியாவது இருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன். எழுந்து தண்ணீர் குடிப்பேன். கதவைத் திறந்து வெளியே பார்ப்பேன். காலையில் பள்ளிக்குப் போனால் சுக்குக் காப்பி அதே இடத்தில் இருக்கும்.

வழக்கு அன்று முதல் பஸ்ஸில் மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கினோம். அவருக்குக் கொண்டை ஊசி வளைவுகள் ஆகாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் ஒவ்வொரு வளைவிலும் குனிந்து, "இல்லைன்னு சொல்லணும், என்ன?" என்பேன். அவர் தலையை ஆட்டுவார். அது என் பேச்சுக்கா, வளைவுக்கா என்று தெரியவில்லை.

கோர்ட்டில் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண், சின்ன வயது, தன்மையாகப் பேசினார். குற்றச்சாட்டை எளிய தமிழில் படித்துச் சொல்லி, "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். என் தோழன் தொண்டையைச் செருமினான்.

"பூட்டு நாந்தானுங்கம்மா. மோட்டாரு நானில்லீங்க."

"அப்படியென்றால் மோட்டாரை உடைத்தது யார்?"

"செஞ்சவுங்க எந்திரிப்பாங்கம்மா. செத்த நேரம் பாருங்க."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதிக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்து அடங்கியது. சமையலம்மா மட்டும் கூண்டுக்குள் கையைக் கட்டிக்கொண்டு, அன்றைக்குக் கோயிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அதே முகத்தோடு, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு வரிசைத் தலைகள். எழுந்தால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். அவரைத் தவிர அந்த ஹாலில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். என் கை முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கூட விட்டது. பிடித்தது பிடித்தபடியே இருந்தது.

நீதிபதி, "நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை. மதியத்துக்கு மேல் கூப்பிடுகிறேன்" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை எனக்குத் தள்ளினார். என் தோழன் குதித்தான். "அருமையா சொன்னீங்கம்மா! மோட்டார் நானில்லைங்கறதுல மட்டும் உறுதியா நில்லுங்க. விசாரணை நடக்கட்டும், சாட்சி இல்லாம ரெண்டு வருஷத்துல விடுதலை." அவன் டீ குடிக்கப் போனதும் நான் அதையே திருப்பிச் சொன்னேன்.

"ரெண்டு வருசமுங்களா? அத்தனை நாளு எப்புடீங்க எல்லாரையும் உக்கார வெக்கறது?" என்றார். பிறகு, விரலைச் சப்பிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "எங்கூருலயும் எப்பவாச்சும் இப்புடி ஆவுமுங்க சார். பொழுதெறங்குன பொறவும் யாரும் எந்திரிக்க மாட்டாங்க. அப்போ ஏற்கெனவே வேறொரு தப்புக்கு எந்திரிச்சு நிக்கறவுங்க யாரோ, அவுங்களே இதையும் ஏத்துக்குவாங்க. இல்லீன்னா கூட்டம் கலையாதுங்களே. கொழந்தைங்க பசியோட காத்துட்டிருக்கும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் நிறையச் சோறு இருந்தது என்பது ஒரு காரணமா?

மதியம் கூப்பிட்டதும் அவர், "ரெண்டும் நாந்தானுங்கம்மா, எழுதிக்கங்க" என்றார். என் தோழன் நெற்றியில் அடித்துக்கொண்டான். நீதிபதி மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டார். யாராவது மிரட்டினார்களா, தண்டனை என்ன என்று தெரியுமா, புரிந்துதான் சொல்கிறீர்களா? "நல்லாப் புரியுதுங்கம்மா." முதல் குற்றம், தானாக ஒப்புக்கொண்டது, பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்தது என்றெல்லாம் பார்த்து, அபராதமும் கோர்ட்டு கலையும் வரை காவலும் என்று தீர்ப்பானது. அபராதத்தை நான் கட்டினேன். அதைக்கூடப் பெரிய தர்மம் செய்தவன் மாதிரி என் தோழன் தோளில் தட்டினான்.

கோர்ட்டு கலையும் வரை என்றால் மாலை வரை அந்த ஹாலிலேயே இருக்க வேண்டும். ஒரு போலீஸ் அம்மாவுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால். செக் மோசடி வந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் வந்தார். எல்லைத் தகராறில் வேலியைப் பிடுங்கிய அண்ணன் தம்பிகள் வந்து, ஒருவரையொருவர் கை நீட்டிக் கத்திவிட்டுப் போனார்கள். எனக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. இரண்டு மணி நேரம். அரை மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. கடைசியில் நீதிபதி கட்டுகளை மூடிவிட்டு எழுந்தார். ஹாலில் இருந்த எல்லாரும் மரியாதைக்கு எழுந்தார்கள். எல்லாரோடும் சேர்ந்து நானும் எழுந்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "போலாமுங்களா சார்? கடைசி பஸ்ஸு போயிரும்."

மறுநாள் ஏழு மணிக்கே வந்து அடுப்பு மூட்டிவிட்டார். வருகிற வழியில் ரிசார்ட் காவலாளியிடம் நின்று, அவர் வீட்டுப் பிள்ளைகளின் காய்ச்சலைப் பற்றி விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை விஷயம் தீர்ந்துவிட்டது. நான்கூட நம்பினேன். மூன்று வாரம் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பிறகு ஒன்றிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. குற்ற வழக்கில் தண்டனை பெற்ற சமையலர் பற்றித் தலைமையாசிரியர் அறிக்கை அனுப்ப வேண்டும். மூன்று தாளைக் கிழித்துப் போட்டு நான்காவது தாளில் எழுதினேன். 'நீதிமன்றத் தீர்ப்பின்படி' என்று ஆரம்பித்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்தினேன். பத்து நாளில் பணிநீக்க உத்தரவு வந்தது. அதை அவரிடம் கொடுக்க வேண்டியவனும் நான்தான்.

அவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை.

"அதுதான் முடிஞ்சுபோச்சுங்களே சார்? எந்திரிச்சு நின்னாச்சு. அவராதம் கட்டியாச்சு. கோர்ட்டும் கலஞ்சுபோச்சு. இன்னும் என்னங்க?"

நான் என்ன சொல்வேன்? எங்கள் ஊரில் அதோடு முடிந்துவிடாதம்மா, ஒருமுறை ஒப்புக்கொண்டால் அது காகிதத்தில் ஏறிப் போகிற இடமெல்லாம் கூடவே வரும் என்றா? அதைத்தானே நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். 'இல்லை' சொல்லப் பழக்கினேனே தவிர, 'நான்தான்' என்றால் எங்கள் பக்கம் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் எங்கே என்னை எழுந்து நிற்கச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. வழி தவறி வந்தவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு, "கொழந்தைங்க சாப்ட்டப்புறம் போகட்டுங்களா?" என்று கேட்டார். பரிமாறினார். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அவர் ஒரு எஸ்டேட்டில் தினக்கூலிக்குக் காப்பிப் பழம் பறிக்கிறார். நானும் மாற்றல் வாங்கிக்கொண்டு ஏற்காட்டுக்குப் பக்கத்தில் வேறு பள்ளிக்கு வந்துவிட்டேன். சந்தையில் எப்போதாவது எதிரே வந்துவிடுவார். "நொம்ப எளச்சுட்டீங்களே சார், சாப்புடறீங்களா இல்லீங்களா?" என்பார். நாலு பேர் நடுவில் என்னை நிற்கவைத்துக் கிழித்தால் தேவலை. அவருக்கு அது வராது.

எழுதி முடித்துவிட்டு இதைப் படித்துப் பார்த்தேன். அவருடைய பெயரை ஒரு இடத்திலும் எழுதவில்லை. ஊர்ப் பெயரையும் எழுதவில்லை. மரியாதைக்காக மறைத்திருக்கிறேன் என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அப்படி இல்லை. பெயரைப் போட்டால் வழக்கைத் தேடி எடுத்துவிடலாம். வழக்கை எடுத்தால் பள்ளி தெரிந்துவிடும். அந்த வருஷம் அங்கே தலைமையாசிரியராக இருந்தவர் யார் என்று கேட்க ஒரு போன் போதும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.